வெள்ளைப் பனியில் ஒளிந்திருக்கும் எமன்!

யானைக்கவுனி பாலத்துக்கு அடியில் இரவும் பகலும் ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சென்ட்ரலில் புறப்பட்டு வடக்கே போகும் ரயில் எதுவானாலும் இந்த இடத்தைத் தாண்டித்தான் பேஸின் பிரிட்ஜை எட்ட வேண்டும். டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் அப்படித்தான் போகிறது.

அந்த ரயிலில் இரண்டு வகையான பிரயாணிகள் உண்டு. லீவு முடிந்து முகாமுக்குத் திரும்பும் ஜவான் ஒரு வகை. அவருடைய இரும்புப் பெட்டியில் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கும் அதிரசமும் உள்ளே இருக்கும். குடும்பத்தோடு காஷ்மீரையும் மணாலியையும் பார்க்கப் புறப்பட்டவர் இன்னொரு வகை. புதிதாக வாங்கிய கம்பளிச் சட்டையைச் சென்னை வெயிலிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் ரயில் ஏறியிருப்பார்.

இருவரும் போய்ச் சேரும் இடத்தில் பனி இருக்கிறது. ஒருவர் அதன்மேல் காவல் நிற்கப் போகிறார். மற்றவர் அதன்மேல் விளையாடப் போகிறார். "ஸ்நோ ஸ்கூட்டர்" என்கிற பனி மோட்டாரில் ஏறிச் சவாரி செய்ய வேண்டும் என்பது இப்போது பலருடைய ஆசை. குல்மார்க்கிலும் மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்கிலும் இந்த வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ராணுவத்தாரும் உயர்ந்த மலை முகாம்களில் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

பார்ப்பதற்குப் பஞ்சு மெத்தை போலிருக்கும் அந்தப் பனிக்குள் ஓர் எமன் ஒளிந்திருக்கிறான். அவன் பெயர் பனிச்சரிவு.

நமக்குள்ள ஒரே சொல்

மார்கழி விடியலில் ராயபுரத்தில் தலையில் முக்காடு போட வைப்பதும் "பனி" தான். புல் நுனியில் முத்தாக நிற்பதும் பனிதான். இமயத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதும் பனிதான். வெயில் நாட்டுக்காரர்களான நமக்கு ஒரு சொல்லே போதுமானதாக இருந்துவிட்டது. காசிமேட்டு மீன் துறைமுகத்தில் பாளம் பாளமாக வந்து இறங்கும் ஐஸ் கட்டிதான் நாம் கையால் தொட்டறிந்த உறைந்த தண்ணீர்.

மலையில் கிடக்கும் பனியோ தினம் ஒரு குணம் உடையது. நேற்று இறுகியிருந்தது இன்று நெகிழ்ந்திருக்கும். காலையில் தாங்கியது மாலையில் தாங்காது. இதை அறியாமல் அதன்மேல் ஏறுவது, ஆழம் தெரியாமல் கிணற்றில் இறங்குவது போலத்தான்.

சோனம் முகாமில் பத்துப் பேர்

2016 பிப்ரவரி 3ஆம் தேதி. சியாச்சின் பனியாற்றின் மீது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 19,600 அடி உயரத்தில் "சோனம்" என்ற காவல் முகாம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் அங்கே காவல் இருந்தார்கள். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி மையத்தைக் கொண்ட அதே மெட்ராஸ் ரெஜிமெண்டுதான். விடியற்காலையில், மேலே நின்ற பெரும் பனிச்சுவர் ஒன்று பெயர்ந்து முகாமின் மேல் விழுந்தது. பத்துப் பேரும் புதைந்து போனார்கள்.

அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் கர்நாடகம், கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவர்கள். பனி என்ற பொருளையே பார்க்காத ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள், பூமியின் மிகக் குளிர்ந்த போர்முனைகளில் ஒன்றில் காவல் நின்றபோது மடிந்தார்கள்.

இரவுபகலாகத் தேடல் நடந்தது. மோப்ப நாய்களும், பனியை ஊடுருவிப் பார்க்கும் கருவிகளும் கொண்டுவரப்பட்டன. இறுகிக் கல்லான பனியை யந்திரங்களால் அறுத்து அறுத்துத் தோண்டினார்கள். ஆறாம் நாள் ஓர் அதிசயம் நடந்தது. 25 அடிக்குக் குறையாத ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிருடன் எடுக்கப்பட்டார். கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்துக்காரர். அவர் படுத்திருந்த கூடாரத்துக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்ததுதான் அவரை அத்தனை நாள் காப்பாற்றியது. நாடே அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. ஆனால் பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் அவரும் உயிர் நீத்தார்.

இந்த விபத்துக்கு அந்த ஜவான்கள் எந்த வகையிலும் காரணமல்ல. அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றவர்கள். 1984 ஏப்ரலில் நமது படைகள் சியாச்சினில் கால் வைத்த நாள் முதல், எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனியும் உயரமுமே அங்கே அதிக உயிர்களைக் குடித்திருக்கின்றன.

உல்லாசத்துக்காகப் பனிமலை ஏறுகிறவர்களின் கதை வேறு. அப்படிப்பட்டவர்கள் சிக்கிக்கொண்ட விபத்துகளை ஆராய்ந்த நிபுணர்கள் கண்ட உண்மை திடுக்கிட வைப்பது. பத்தில் ஒன்பது விபத்துகளில், சரிவைக் கிளப்பிவிட்டவர் அதில் சிக்கியவரே, அல்லது அவருடைய கூட்டாளி. பனி தானாக வந்து அவர்கள் மேல் விழவில்லை. அவர்கள் போய் அதை எழுப்பிவிட்டார்கள்!

மூட்டை அட்டியும் பனி அட்டியும்

அது எப்படி நடக்கிறது? யானைக்கவுனியைச் சுற்றியுள்ள குடோன்களில் மூட்டை தூக்கும் தொழிலாளிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆள் உயரத்துக்கு மேல் அட்டி போட்ட மூட்டைகளில் அடி மூட்டையை யாரும் உருவ மாட்டார்கள். உருவினால் மேலே உள்ளது தலையில் வந்து இறங்கும்.

மலைச்சரிவில் பனியும் இப்படித்தான் அடுக்கடுக்காக ஏறுகிறது. ஒவ்வொரு பனிமழையும் ஓர் அடுக்கு. சில அடுக்குகள் பலகை போல் கெட்டியானவை. சில அடுக்குகள் சீனியைக் கொட்டியது போல் ஒன்றோடொன்று ஒட்டாதவை. கடுங்குளிர் நாட்களில் தரையை ஒட்டிய பனிக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பும், மேலிருந்து குளிரும் தாக்குவதால் அதன் துகள்கள் பெரிய பெரிய பரல்களாக மாறிவிடுகின்றன. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் சக்தி அவற்றுக்கு இல்லை.

இன்னொரு மோசக்காரன் உறைபனி. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியின் புல்வெளிகளில் விடியற்காலையில் வெள்ளை வெளேரென்று படியுமே, அதே ஜாதி. பார்வைக்கு வைரத்தூள் போலிருக்கும். வெயில் வந்து அதைக் கரைக்கும் முன் அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால், வாரக்கணக்கில் அப்படியே உள்ளே பதுங்கிக் கிடக்கும்.

ஒரு தாம்பாளத்தில் கடுகைப் பரப்புங்கள். அதன்மேல் ஒரு பலகையை வையுங்கள். தாம்பாளத்தை மெல்லச் சாயுங்கள். ஓர் அளவு வரை பலகை அசையாது. அந்த அளவில் விரலால் லேசாகத் தட்டினாலும் "சர்"ரென்று வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பலகைச் சரிவு என்று நிபுணர்கள் அழைக்கும் மிக ஆபத்தான பனிச்சரிவு இதுதான். தட்டுகிற விரல், மனிதனின் எடை அல்லது அவனுடைய வண்டியின் எடை.

சாய்வும் முக்கியம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பலகைச் சரிவுகள் கிளம்புகின்றன. சாய்வு மிகக் குறைவானால் பனி வழுக்காது. மிக அதிகமானால் பனி குவியாமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30 டிகிரி என்பது நம் வீட்டு மாடிப்படியின் சாய்வுதான். எண்ணூர் துறைமுகத்தில் நிலக்கரியைக் கொட்டும்போது குவியலின் பக்கங்கள் ஒரு சாய்வு வந்ததும் மேலும் செங்குத்தாக ஏறாமல் சரிந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலக்கரி உடனுக்குடன் சரிந்து தீர்த்துக்கொள்கிறது. பனி கடனை மனத்தில் வைத்திருந்து ஒரே நாளில் தீர்க்கிறது.

கிளம்பிவிட்டால் அதன் வேகம் சில வினாடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஓடியோ வண்டியை முடுக்கியோ தப்புவது துர்லபம்.

ஒரு தகப்பனின் துக்கத்தில் பிறந்த வண்டி

பனி மோட்டாரின் கதையே ஒரு சோகத்தில் தொடங்குகிறது. கனடாவில் கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மான்ட் பாம்பார்டியர் என்ற மெக்கானிக் இருந்தார். 1934ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. சாலைகளையெல்லாம் பனி மூடியிருந்தது. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை. குழந்தை இறந்துபோயிற்று.

பனியில் ஓடும் வண்டியைச் செய்யும் முயற்சியில் ஏற்கெனவே இருந்தவர், அதற்குப் பிறகு அதே வேலையில் முனைந்தார். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பெரிய பனி வண்டிகள் முதலில் வந்தன. 1959இல் ஓரிருவர் மட்டும் ஏறிச் செல்லும் சிறிய வண்டி வந்தது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை. "ஸ்கி-டூ" என்று பெயர். உயிர் காக்க வேண்டும் என்று தொடங்கிய முயற்சியில் பிறந்த அந்த வண்டி, நாளடைவில் உல்லாசச் சாதனமாகிவிட்டது.

நடந்து போகிறவன் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தையெல்லாம் இந்த யந்திரம் நொடியில் தாண்டிவிடுகிறது. ஒரே காலையில் பத்துச் சரிவுகளில் ஏறி இறங்கலாம். ஒவ்வொரு சரிவும் ஒரு சூதாட்டம் என்றால், நடப்பவனைவிடப் பத்து மடங்கு அதிகமாகப் பகடை உருட்டுகிறான் வண்டிக்காரன். ஆளில்லாமலே 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள மலை வண்டிகள் உண்டு. செங்குத்தான சரிவில் யார் அதிக உயரம் ஏறித் திரும்புவது என்று பந்தயம் கட்டும் பழக்கம் வேறு. அடிபட்ட பாம்பை மிதிப்பது போலத்தான் இதுவும்.

கூச்சல் போட்டால் பனிச்சரிவு வரும் என்று சினிமாவில் காட்டுவார்கள். அது கட்டுக்கதை. சத்தம் பனியைச் சரிப்பதில்லை, எடைதான் சரிக்கிறது. சத்தத்தால் வேறு விதமான கெடுதல் உண்டு. உள்ளே உள்ள பலவீனமான அடுக்கு உடையும்போது "தொம்" என்று அடிவயிற்றைக் கலக்கும் ஓர் ஓசை கேட்கும். பனி தரும் கடைசி எச்சரிக்கை அது. நடப்பவன் காதில் விழும். என்ஜின் இரைச்சலில் இருப்பவன் காதில் விழாது.

ஓடிப்போனவர்களையும் விழுங்கியது

2008 டிசம்பர் 28ஆம் தேதி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃபெர்னி நகருக்கு அருகே உள்ள மலைகளில் ஸ்பார்வுட் என்ற சிற்றூரைச் சேர்ந்த 11 பேர் பனி மோட்டார்களில் போனார்கள். சரிவு வந்து சிலரைப் புதைத்தது. கூட வந்தவர்கள் பதறியடித்து ஓடித் தோண்டத் தொடங்கினார்கள். அப்போது இரண்டாவது சரிவு வந்து அவர்களையும் மூடிவிட்டது. 8 பேர் மடிந்தார்கள். மூவர் மட்டுமே வீடு திரும்பினார்கள்.

2010 மார்ச் 13ஆம் தேதி, அதே மாகாணத்தில் ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில், பனி மோட்டார் பந்தயத்தைப் பார்க்க இருநூறு பேரளவில் கூடியிருந்தார்கள். பனி நிலைமை அபாயமாக இருக்கிறது என்று முன்பே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மேலே வண்டிகள் உயரம் ஏறிக்கொண்டிருந்தன. கீழே, சரிவு வந்து விழக்கூடிய பாதையிலேயே வேடிக்கை பார்ப்பவர்கள் வரிசையாக நின்றார்கள். மலை பெயர்ந்தது. இருவர் இறந்தார்கள், முப்பது பேரளவில் காயமடைந்தார்கள்.

இந்த இரண்டு துயரங்களிலிருந்தும் பனிமலைக்காரர்கள் தொகுத்து வைத்திருக்கும் விதிகள் எளியவை. சரிவில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. மற்றவர்கள் பாதையை விட்டு விலகிப் பத்திரமான இடத்தில் நின்று அவரைக் கண்காணிக்க வேண்டும். ஒருவர் வண்டி நடுச்சரிவில் சிக்கிக்கொண்டால், உதவிக்கென்று இன்னொரு வண்டியை அங்கே ஓட்டக் கூடாது; எடை இரட்டிப்பாகும். செங்குத்தான சரிவின் காலடியில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கக் கூடாது. அடி மூட்டையை உருவுவது போல, கீழே நின்றவாறே மேலே உள்ள பனியைக் கிளப்பிவிட முடியும்.

பனி பேசும் பாஷை

ஆபத்து சொல்லாமல் வருவதில்லை. புதிதாக விழுந்த பனி ஓர் அபாய அறிவிப்பு. ஒரே நாளில் ஓர் அடிப் பனி விழுந்தால் அடுத்த ஓரிரு நாள் சரிவுப் பக்கமே போகக் கூடாது. பெருங்காற்று இன்னொன்று. மேகமே இல்லாத நாளிலும், காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டிக் குவித்துவிடும். மழையும், திடீரென்று ஏறும் உஷ்ணமும் மற்றவை. பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தழும்பு தெரிந்தாலோ, வண்டியின் முன்னே பனியில் விரிசல் ஓடினாலோ, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. திரும்பிவிட வேண்டியதுதான்.

பனிச்சரிவு அபாயத்தை உலகெங்கும் ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் படியில்தான் அதிகம் பேர் சாகிறார்கள் என்று நினைப்போம். அப்படியல்ல. அன்று யாரும் வெளியே வருவதில்லை. அதிகம் பேரைப் பலி கொள்வது நடுப்படியான மூன்றுதான். வானம் நீலமாக இருக்கும், புதுப்பனி பளபளக்கும், மனிதனுக்கு ஆசை மிகும்.

நமது நாட்டில் இந்த ஆராய்ச்சிக்காகவே 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. 2020இல் அது இன்னொரு நிலையத்தோடு இணைந்து, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிலையமாக மாறியது. குளிர்காலத்தில் குப்வாரா, பந்திபோரா, பாரமுல்லா போன்ற மலை மாவட்டங்களுக்கு அது விடுக்கும் எச்சரிக்கைகளைப் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. அந்தச் சின்னச் செய்தியைச் சென்னையில் நாம் புரட்டிவிட்டுப் போகிறோம். மலைக்குப் போகிற வாரத்திலாவது படிக்க வேண்டும்.

குல்மார்க்கும் விலக்கல்ல. 2010 பிப்ரவரி 8ஆம் தேதி, அங்கே உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 ராணுவத்தினர் கிலான்மார்கில் பனிச்சரிவில் மாண்டார்கள். பனியைப் பற்றிப் பாடம் படிக்க வந்தவர்கள் அவர்கள்! 2023 பிப்ரவரி 1ஆம் தேதி, அஃபர்வத் மலைச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் மடிந்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் 4ஆம் தேதி சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் 7 சுற்றுலாப் பயணிகள் பலியானார்கள். 13ஆவது மைல் வரைக்கும்தான் அனுமதி; பயணிகள் 15ஆவது மைல் வரை போயிருந்தார்கள் என்று அதிகாரிகள் கூறினார்கள்.

பதினைந்து நிமிஷம்

பனியில் புதைந்தவரைப் பெரும்பாலும் கொல்வது குளிரல்ல, மூச்சுத் திணறல். ஓடி வந்து நின்றதும் பனி சிமெண்டு போல் இறுகிவிடும். விரலைக் கூட அசைக்க முடியாது. விட்ட மூச்சின் ஈரமே முகத்தைச் சுற்றி ஐஸாகி, காற்று வரும் வழியை அடைத்துவிடும்.

முதல் 15 நிமிஷத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்ததாக ஐரோப்பிய டாக்டர்கள் கணக்கிட்டார்கள். 35 நிமிஷமானால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஹனுமந்தப்பாவுக்கு ஆறு நாள் கிடைத்தது கோடியில் ஒன்று.

பதினைந்து நிமிஷத்தில் எந்த ஹெலிகாப்டரும் மலைக்கு வந்து சேராது. பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான் ஹெலிகாப்டர், டாக்டர், எல்லாம். அதனால்தான் மேலை நாடுகளில் சரிவுகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் மூன்று சாமான்களை உடம்போடு வைத்துக்கொள்கிறார்கள். புதைந்தாலும் இடைவிடாமல் சமிக்ஞை அனுப்பும் சிறு ரேடியோக் கருவி. பனியில் குத்திப் பார்க்க மடக்கக்கூடிய நீண்ட கோல். தோண்ட ஒரு மண்வாரி. வண்டிப் பெட்டியில் வைத்துப் பயனில்லை. ஆள் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போய்விடலாம். தோண்டப் பாய்வதற்கு முன், மேலே இன்னொரு சரிவு காத்திருக்கிறதா என்று ஒரு நிமிர்ந்த பார்வை வேண்டும். ஃபெர்னியில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம் இது.

சென்னையிலிருந்து போகிற குடும்பத்துக்கு இத்தனையும் வேண்டியதில்லை. சமதளத்தில், குறித்த பாதையில், ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்து ஓட்டும் வாடகைச் சவாரியில் பயப்பட அதிகம் இல்லை. மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இன்றைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை உண்டா? வண்டி எதுவரை போகும்? அந்தப் பாதைக்கு மேலே செங்குத்துச் சரிவு இருக்கிறதா? "இன்னும் கொஞ்சம் மேலே போகலாம் சார், போட்டோ நன்றாக வரும், கூட ஐந்நூறு ரூபாய் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால், "வேண்டாம் தம்பி" என்று சொல்லத் தெரிய வேண்டும். பிள்ளைகள் முகம் வாடும். பரவாயில்லை. சாயந்திரம் சூடாக ஒரு டீயோடு வாட்டம் தீர்ந்துவிடும்.

இன்றிரவும் யானைக்கவுனி பாலத்துக்கு அடியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போகும். அதில் முகாமுக்குத் திரும்பும் ஜவான் இருப்பார். எந்தச் சரிவின் கீழ் நிற்பது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. எதிர் சீட்டில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்க முடியும். பேச்சுக் கொடுத்தால், பனியைப் பற்றி அந்த ஜவானே அவருக்கு நிறையச் சொல்வார்.